பதினொன்றாம் கட்டிலுக்கு என்ன எழுதுவது?

ஏழு வேப்பமரம் நின்ற ஓர் ஆஸ்பத்திரி இருந்ததாம். அஞ்சு மரத்தைக் காற்று கொண்டுபோக, மிச்சம் ரெண்டும் வாசலுக்கு நிழல் தந்துகொண்டிருந்த காலத்தில் நடந்தது இது.

அங்கே வைத்தியம் தமிழில் நடக்கும். குறிப்பு மட்டும் இங்கிலீஷில் எழுத வேண்டும். டாக்டர்கள் பல ஊர்க்காரர்கள்.

ஒருநாள் மத்தியானம் ஜெபக்கனி, கையில் குறிப்பு நோட்டோடு மெர்லின் முன்னால் வந்து நின்றார்.

"சிஸ்டர், என்னைத் துணி அறைக்கே அனுப்பிருவாங்க போல."

ஜெபக்கனி நர்ஸ் படிப்பு படித்தவர். ஆனாலும் ஆறு வருஷம் துணி அறையில் போர்வை மடித்தவர். வார்டுக்கு வந்து ரெண்டு மாசம்தான் ஆகிறது. வார்டு பொறுப்பு மெர்லினுக்கு. மெர்லின் அவரைவிடப் பத்து வயது இளையவள்.

"என்ன ஆச்சுக்கா?"

"பதினாறு பேருக்கும் 'காம்லி', அதான் அமைதியா, படுத்திருக்கிறார்னு எழுதினேன். பதினாறு பேரும் ஒரே ஆளான்னு டாக்டர் கேட்டார். இன்னொரு தடவை இப்படிப் பார்த்தா வார்டு கிடையாதுன்னுட்டார்."

"சரி. இன்னைக்கு எப்படி எழுதினீங்க?"

ஜெபக்கனி நோட்டை நீட்டினார். முகத்தில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

முதல் கட்டிலுக்குக் காம்லி. ரெண்டாவதுக்குக் குவயட்லி. மூணாவதுக்குப் பீஸ்ஃபுலி. நாலாவதுக்குப் பேஷன்ட்லி. அஞ்சாவதுக்கு ஜென்ட்லி. ஆறாவதுக்கு மறுபடியும் காம்லி.

பந்தியில் பரிமாறுகிற மாதிரி வரிசை பிசகாமல் போயிருந்தது.

மெர்லின் சிரிப்பை அடக்கிக்கொண்டு படித்தாள்.

"அஞ்சாம் கட்டில் ஜென்ட்லி தூங்குறாரா? நீங்க ஜென்ட்லியா, மென்மையா ஊசி போடலாம்க்கா. அவர் குறட்டை விட்டா ரெண்டு வார்டுக்குக் கேக்குது."

"அது வரிசையில வந்துட்டு சிஸ்டர்."

"பதினாலாம் கட்டில் பேஷன்ட்லி, பொறுமையா காத்திருக்கார்னு இருக்கு."

அந்த நேரம் பதினாலாம் கட்டில்காரர் டீ கேட்டு, தட்டால் கட்டில் கம்பியைத் தட்டிக்கொண்டிருந்தார்.

ஜெபக்கனி அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"எல்லாமே அமைதியைச் சொல்ற வார்த்தைதானே. எதை எங்க போடணும்னு ஒரு கணக்கு சொல்லிக் கொடுங்க. அப்படியே நடந்துக்கிறேன்."

மெர்லின் ஜெபக்கனியின் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள். ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போய்ப் பதினொன்றாம் கட்டில் பக்கம் போட்டாள்.

"பத்து நிமிஷம் உட்காருங்க."

"உட்கார்ந்து?"

"உட்காருங்க."

பதினொன்றாம் கட்டிலில் சுயம்பு. முந்தின நாள் பனையிலிருந்து விழுந்தவர். எலும்பு முறியவில்லை. கண்ணை மூடிக் கிடந்தார். வந்ததிலிருந்து ஒரு தொந்தரவும் கொடுக்காத ஆள். வரிசைப்படி அவருக்கும் காம்லிதான்.

ஜெபக்கனி உட்கார்ந்தார். முதல் ரெண்டு நிமிஷம், துணி அறையில் எத்தனை அலமாரி என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் சுயம்புவின் வலது கை இடது தோளுக்குப் போவதைப் பார்த்தார்.

போனது. அழுத்தியது. இறங்கியது. மறுபடியும் போனது.

"அண்ணாச்சி, தோள் வலிக்கா?"

"ஒண்ணுமில்ல தாயி. மரம் ஏறுற தோள், அப்படித்தான் இருக்கும்."

குரலில் காற்று இல்லை. மூச்சு சின்னதாக, வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. மீசைக்குக் கீழே வியர்வை. மின்விசிறியோ நேர் மேலே சுற்றுகிறது.

ஜெபக்கனி கையைத் தொட்டார். சில்லென்று இருந்தது. நாடியைப் பிடித்தார். எண்ணி முடிக்கும் முன்னே எழுந்துவிட்டார்.

"சிஸ்டர், இவர் அமைதியா இல்ல. சத்தம் போட முடியாமக் கிடக்கார்."

டாக்டர் ஓடி வந்தார். விழுந்ததில் மண்ணீரல் கிழிந்து, வயிற்றுக்குள் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அந்த வலிதான் இடது தோளில் தெரிந்திருக்கிறது. அரை மணி நேரத்தில் ஆபரேஷன் அறைக்குக் கொண்டுபோனார்கள்.

சாயங்காலம், பிழைத்துக்கொள்வார் என்று செய்தி வந்தது.

ஜெபக்கனி மெர்லினின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நல்லவேளை, உங்களுக்குத் தெரிஞ்சு என்னை அங்க உட்கார வச்சீங்க."

"எனக்குத் தெரியாதுக்கா."

"தெரியாதா?"

"காலையில நானும் அவரைப் பார்த்து, காம்லின்னு நினைச்சுத்தான் தாண்டிப் போனேன். அந்தக் கட்டில் பக்கம் ஸ்டூல் போட இடம் இருந்தது, அவ்வளவுதான். நான்தான் உங்களுக்கு நன்றி சொல்லணும்."

மெர்லின் பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள்.

ஜெபக்கனியைத் துணி அறைக்கு யாரும் அனுப்பவில்லை.

மூணு வாரம் கழித்து சுயம்பு வீட்டுக்குக் கிளம்பினார். அவர் சம்சாரம் கருப்பட்டி நிறைந்த ஓர் ஓலைக் கொட்டானை மேசைமேல் வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, பையோடு முன்னே நடந்தார்.

சுயம்பு கும்பிட்டார்.

"உங்க ரெண்டு பேருக்கும் ஒரு கும்பிடு, தாயி. அந்தப் பனைக்கும் ஒண்ணு போடணும். பாதி உயரத்துல கைவிட்டுச்சு. உச்சியில விட்டிருந்தா உங்களைப் பார்த்திருக்க மாட்டேன்."

"இனி ஏறுவீங்களா அண்ணாச்சி?"

"அதுகிட்டத்தான் கேக்கணும்."

வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு படி இறங்கினார்.

மெர்லின் நோட்டைத் திறந்தாள்.

"எப்படிப் போறார்க்கா? ஒரு வார்த்தை எழுதிட்டா மூடிரலாம்."

ஜெபக்கனி பேனாவின் மூடியைக் கழற்றவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொறுங்க சிஸ்டர். இன்னும் போய் முடியல."

சுயம்பு முதல் வேம்பைத் தாண்டினார். ரெண்டாவது வேம்பின் கீழே நின்றார். அண்ணாந்து அதன் உச்சியைப் பார்த்தார். அடிமரத்தை உள்ளங்கையால் ஒருதரம் தொட்டார்.

அப்புறம் நடந்து வெளியே போனார்.