செல்வினின் பெடலுக்குப் புது பேட்டரி

கோவில்பட்டிப் பக்கம் 'இடிமுழக்கம் இன்னிசைக் குழு'ன்னு ஒண்ணு இருந்தது. ஆள் மூணு, மூளை எத்தனைன்னு மட்டும் கேட்டுடாதீங்க. கிடார் செல்வின், டிரம்ஸ் பால்பாண்டி, பாட்டு மரகதவேல்.

அன்னைக்குச் செல்வினுக்கு ஒரு பெரிய பரீட்சை. அவன் உயிரையே வச்சிருந்த ஏஞ்சலினோட அப்பா துரைசிங், சாயங்காலம் ஒரு கல்யாண வரவேற்புல முன்வரிசையில வந்து உட்காரப் போறார். "பையன் மேடையில என்னதான் செய்றான்னு பார்த்துட்டுத்தான் பொண்ணைப் பத்திப் பேச்சே"ன்னு கறாரா சொல்லியிருந்தார்.

மனுஷனை அசத்திடணும்னு செல்வின் எக்கோ பெடல் ஒண்ணு வாங்கினான். காலால மிதிச்சா, ஒரு தடவை மீட்டினது நாலு தடவை கேட்கும். அதுக்குச் சார்ஜ் ஏத்துற பேட்டரி. கடைக்காரர் பொறுமையா சொன்னார்: "சார்ஜர்ல பச்சை லைட் வர்ற வரைக்கும் பேட்டரியை எடுக்காதீங்க. கிடார் வயர் பெடல்ல சொருகியிருந்தாலே பேட்டரி தீரும். வாசிக்காதப்ப பிடுங்கிடுங்க." மூணு பேரும் ஆளுக்கொரு தடவை ஒப்பிச்சுக் காட்டிட்டுத்தான் கடையை விட்டு இறங்கினாங்க.

சாயங்காலம் அஞ்சு மணி. கூட்டம் வந்தாச்சு. சார்ஜர் லைட் இன்னும் சிவப்பு.

"எடுத்துடுவோமால?"ன்னான் செல்வின்.

"பச்சை வரணும்னாருல்ல!"ன்னான் பால்பாண்டி.

"வரணும்னார். தானா வரணும்னு சொன்னாரா?"ன்னான் மரகதவேல்.

செல்வின் நெத்தியைத் தடவி யோசிச்சான். சத்தியமா அப்படிச் சொல்லலை. மரகதவேல் வாசல்ல தோரணம் கட்டினவங்ககிட்ட ஒரு துண்டு பச்சைத் தாள் வாங்கிட்டு வந்து லைட் மேல ஒட்டினான். பச்சை வந்துடுச்சு. அப்பாடான்னு பேட்டரியை எடுத்துப் பெடல்ல போட்டாங்க.

முதல் பாட்டு முடிஞ்சதும் பால்பாண்டி எழுந்து போய் வயரைப் பிடுங்கினான். அது சரிதான். ரெண்டாவது பாட்டுல மரகதவேல் பல்லவி பாடினப்ப செல்வின் சும்மா நின்னான். "ஏல, இப்ப நீ வாசிக்கலையே!"ன்னு பால்பாண்டி பாய்ஞ்சு வந்து பிடுங்கினான்.

அடுத்து, செல்வின் தனியா வாசிக்க வேண்டிய இடம். அவனுக்குத் திடீர்னு ஒரு சந்தேகம்.

"ஏல பாண்டி, ஒரு தடவை மீட்டிட்டேன். இன்னும் அடுத்தது மீட்டலை. இந்த நடுவுல நான் வாசிக்கிறேனா, இல்லையா?"

பால்பாண்டி முகம் இருண்டுபோச்சு. "விரல் சும்மாதான இருக்கு?"

"சும்மாதான் இருக்கு."

"அப்ப பேட்டரி வீணாப் போகுதுல!"

டிரம்ஸை அப்படியே விட்டுட்டு, பெடல் பக்கத்துல குப்புறப் படுத்துட்டான். டொய்ங்! பிடுங்கினான், டப்! சொருகினான், டப்! மறுபடியும் டொய்ங்! நாலு தடவை கேட்க வேண்டிய சத்தம் ஒரு தடவைகூட முழுசா கேட்கலை. அந்தப் பாட்டு முடியுறதுக்குள்ள பந்தியில ரசமே தீர்ந்துபோச்சு.

துரைசிங் விறுவிறுன்னு மேடை ஏறினார். செல்வின் கிடாரைக் கழட்டிக் கீழ வச்சான். போச்சு, ஏஞ்சலின் போச்சுன்னு கண்ணுல தண்ணியே வந்துடுச்சு.

"மாமா, மன்னிச்சிடுங்க... பேட்டரி தீர்ந்துடுமேன்னுதான்..."

துரைசிங் அவனை இறுக்கிக் கட்டிப்பிடிச்சார். "மாப்பிள்ளைன்னா நீதான்யா மாப்பிள்ளை! எங்க வீட்லயும் இதே கதைதான். ஃபிரிட்ஜைத் திறக்காதப்ப வயரைப் பிடுங்கி வச்சிடுவோம்."

குப்புறப் படுத்திருந்த பால்பாண்டி தலையைத் தூக்கினான். "அப்ப திறக்கும்போது யாரு சொருகுவா மாமா?"

"அதுக்குத்தானய்யா மூணு வருஷமா மாப்பிள்ளை தேடிக்கிட்டிருக்கேன்!"