நடுக்குளத்தில் எண்ணெய் பூசிய வாத்து

சேங்குளத்தில் வடிவு என்றொரு வாத்து இருந்தது. இருந்தது என்றா சொன்னேன்? தப்பு. மூன்று வருஷமாக அது குளத்துப் பக்கமே வரவில்லை. கரைக்கு அந்தப் புறம் ஓர் அரிசி ஆலை. அதன் களத்தில் குருணை கொட்டிக் கிடந்தது. நீந்தாமலே வயிறு நிறைந்தால் யார்தான் நீந்துவார்கள்? வடிவு தின்றது, தூங்கியது, தவிட்டுப் புழுதியில் புரண்டது. பூசணிக்காய் மாதிரி உருண்டுவிட்டது.

ஆலைச் சுவரோரம் அது இட்ட ஒன்பது முட்டையையும் போன கோடையில் ஒரு கீரி குடித்துவிட்டது. ஒன்றுகூட மிஞ்சவில்லை. பாவம், ஓடுகளைச் சுற்றிச் சுற்றி வந்து அழுதது. அன்றைக்குத்தான் அதற்கு நடுத்திட்டின் நினைவு வந்தது.

குளத்தின் நடுவே ஒரு மண்திட்டு. அதில் பொந்து விழுந்த ஒரே ஒரு மருதமரம். கீரி எட்டாத இடம் சேங்குளத்தில் அது ஒன்றுதான். மரத்தடியில் ஒரு கூட்டுக்குத்தான் இடம் உண்டு. அதனால் ஐப்பசி மழையில் குளம் நிறைந்ததும் ஒரு நீச்சல் போட்டி நடக்கும். பறக்கக்கூடாது. முதலில் மரத்தைத் தொட்டவருக்கே திட்டு. அந்த வருஷம் முழுக்க அங்கே அவர் வைத்ததுதான் சட்டம்.

வடிவு முன்பு இரண்டு தடவை அந்தப் போட்டியில் ஜெயித்திருக்கிறது. “நான் பார்க்காத தண்ணியா!” என்று சொல்லிக்கொண்டே புரட்டாசியில் குளத்தில் இறங்கியது. பத்து உதை உதைத்திருக்கும். சிறகுக்குள் சில்லென்று தண்ணீர் புகுந்தது. உடம்பு முங்கி, கழுத்து மட்டும் வெளியே நின்றது. தட்டுத் தடுமாறிக் கரையேறி, வெடவெடவென்று நடுங்கியது.

எல்லாம் இந்த வயிற்றால் வந்த வினை என்று அது நினைத்தது. குருணையைப் பாதியாகக் குறைத்தது. விடிந்ததும் கரையை மூன்று சுற்று நடந்தது. ஆழமில்லாத இடத்தில் நின்று காலை உதைத்து உதைத்துப் பழகியது. இரண்டு வாரத்தில் வயிறு வற்றிவிட்டது. காலில் பழைய வலு வந்துவிட்டது. ஆனால் மிதப்பு மட்டும் வரவில்லை. இறங்கினால் முங்கியது, ஏறினால் நடுங்கியது.

கரையோரப் பட்டமரத்தில் ஒரு நீர்க்காகம் இறக்கையை விரித்து வெயில் காயும். வடிவும் தினமும் அதன் பக்கத்தில் போய் இறக்கையை விரித்து உட்கார்ந்துகொள்ளும். நாலு நாள் நீர்க்காகம் ஓரக்கண்ணால் பார்த்தது. ஐந்தாம் நாள் அதற்குப் பொறுக்கவில்லை.

“ஏன் வடிவு, நான் முங்கி மீன் பிடிக்கிறவன். என் சிறகு நனையணும். அதனால காயவைக்கிறேன். உனக்கென்ன கேடு? நீ வாத்துதானே?”

“வாத்துதான் அண்ணே. அதுக்கென்ன?”

“வாத்துக்கு எங்காவது சிறகு நனையுமா? எண்ணெய் பூசினியா இல்லையா?”

வடிவுக்குச் சுருக்கென்றது. கழுத்தைத் திருப்பி வாலடியைப் பார்த்தது. வாத்துக்கு அங்கேதான் எண்ணெய்க் குமிழ். அலகால் அதைத் தொட்டு, சிறகு சிறகாகப் பூசிக்கொள்ள வேண்டும். முட்டையை விட்டு வெளியே வந்த குஞ்சு முதலில் படிக்கிற பாடமே அதுதான். தண்ணீரைத் தொடாத மூன்று வருஷமும் வடிவு அதைத் தொடவேயில்லை. குமிழின்மேல் தவிடு அடை அடையாக ஒட்டியிருந்தது. எண்ணெய் பூச மறந்த வாத்து என்று ஊருக்குத் தெரிந்தால் கொக்குகூடக் கைகொட்டிச் சிரிக்குமே! வடிவு கூனிக் குறுகிப் போனது.

போட்டிக்கு ஆறே நாள். வடிவு தவிட்டைச் சுரண்டியது. குமிழை அழுத்தியது. இரண்டு நாள் ஒன்றும் வரவில்லை. மூன்றாம் நாள் எள்ளளவு எண்ணெய் கசிந்தது. அதைத் தொட்டுத் தொட்டுப் பூசியது. ஆறாம் நாள் பொழுது சாய்வதற்குள் முதுகும் பக்கங்களும் பளபளத்தன. அடிவயிற்றுக்கு மட்டும் எண்ணெய் போதவில்லை.

போட்டி நாள் வந்தது. நெற்றியில் நாமம் இருக்கிற கெத்தில் நாமக்கோழி தானே நடுவராகிவிட்டது. போட்டியிட்டவர்கள் இரண்டே பேர். ஒன்று வடிவு. மற்றது செம்பி என்ற இளம் சிறகி, அதுவும் வாத்துக் கூட்டம்தான். அதற்கு அது முதல் போட்டி, முதல் கூடு.

நாமக்கோழி குரல் கொடுத்ததும் இரண்டும் பாய்ந்தன. பாதிக் குளம்வரை வடிவுதான் முன்னால்! அப்போது அடிவயிற்றில் சில்லென்றது. தண்ணீர் புகுகிறது என்று வடிவுக்குப் புரிந்துவிட்டது. நின்றால் தோல்வி. நிற்காமல் போனால் முங்கல். பழைய வடிவாக இருந்தால் வீம்புக்காகவே முங்கியிருக்கும்.

வடிவு நின்றது. நட்ட நடுக் குளத்தில், அத்தனை பேர் பார்க்க, வாலடிக்கு அலகைக் கொண்டுபோய், புதிதாக ஊறியிருந்த எண்ணெயைத் தொட்டு வயிற்றில் பூசியது. கரையில் ஒரே சிரிப்பு. “சீவி முடிச்சுப் பூ வச்சிட்டு வா!” என்று நாமக்கோழியே கத்தியது. செம்பி தாண்டிப் போனது. வடிவு அவசரப்படவில்லை. கடைசிச் சிறகுவரை பூசிவிட்டுத்தான் காலை உதைத்தது. பிறகு போன போக்கைப் பார்க்க வேண்டுமே! தண்ணீர் ஒட்டவேயில்லை. இருந்தும் செம்பி ஒரு கழுத்தளவு முந்தி மரத்தைத் தொட்டுவிட்டது.

வடிவும் திட்டில் ஏறி மரத்தடியைப் பார்த்தது. ஒன்பது முட்டைகளும் கண்முன் வந்தன. திரும்பிப் போகத் தண்ணீரில் இறங்கியது.

“எங்கே போறீங்க அக்கா?” என்றது செம்பி.

“திட்டு உனக்குத்தானே. நான் கிளம்புறேன்.”

“ஜெயிச்சவ சொல்றதுதானே இங்கே சட்டம்? சிறகி தரையிலேயா முட்டையிடும்? எனக்கு மரப்பொந்து போதும், அடிமரம் உங்களுக்கு. ஊரே சிரிக்கிறப்போ உங்க வேலையில கண்ணா இருந்தீங்களே! என் முட்டைக்குப் பக்கத்துல அப்படி ஒருத்தி இருந்தா நான் பயமில்லாம இரை தேடப் போவேன்.”

வடிவு மறுபடி திட்டில் ஏறியது. ஓடிப்போய் செம்பியின் கழுத்தோடு கழுத்தை உரசிக்கொண்டது. அடுத்த மாதக் கடைசியில் மருதமரத்தடியில் எட்டுக் குஞ்சுகள் கீச்சிட்டன.

விட்ட வித்தைக்குத் திரும்புகிறவர் பழைய பெருமையைக் கரையில் வைத்துவிட்டு, ஊர் சிரித்தாலும் முதல் பாடத்திலிருந்து தொடங்க வேண்டும்.