மிராசுதார் குதிரையை வென்ற கழுதை

தான் வாயைத் திறந்தாலே கத்துகிறதென்று, உப்புக்காரன் சடையாண்டியின் கழுதையைப் பிடுங்க மிராசுதார் சிவசிதம்பரம் முடிவுகட்டினார்.

"தெருவில் கிழித்த இந்தக் கோட்டிலிருந்து கோயில் வரை என் குதிரையோடு முடுக்கத்தில் போட்டி. தோற்றால் கழுதை எனக்கு!"

"முடுக்கம்னா என்னங்க எசமான்?"

"நொடிக்கு எவ்வளவு வேகம் கூடுதோ, அதுதான்டா மண்டு!"

"அப்போ கோட்டுக்கு வரும்போதே பறந்து வாங்க. ஊரே உங்க கம்பீரத்தைப் பார்க்கட்டும்."

மிராசுதாருக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. தூரத்திலிருந்தே குதிரையைப் பறக்கவிட்டு, அதே வேகத்தில் கோட்டைத் தாண்டிக் கோயிலில் போய் நின்றார். கோட்டில் நின்ற கழுதை அப்போதுதான் மெல்ல நடந்தது.

"செயிச்சிட்டேன்!"

"எங்கே எசமான்? உங்க குதிரை வந்த வேகத்திலேயே போச்சு, கூடினது ஒண்ணுமில்லை. என் கழுதை சும்மா நின்னுச்சு, இப்போ நடக்குது. கூடியிருக்கா இல்லையா?"

ஊர் சிரித்த சிரிப்பில் கழுதை மிரண்டு ஓட்டமெடுத்தது. "பாருங்க, இன்னும் கூடுது!" என்று கத்திக்கொண்டே சடையாண்டி பின்னால் ஓடினான்.