ஒன்பதாம் வீட்டுக்காரர்

நஞ்சப்பனுக்கு நடந்த அநியாயங்களுக்கு ஒரு வரிசை உண்டு. யாராவது அதை மாற்றிச் சொன்னால் அவருக்குப் பொறுக்காது.

முதலில் பஞ்சாலையில் இரவு ஷிப்டை நிறுத்தினார்கள். பிறகு, ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்ட அவரை வாசலுக்கு வெளியே நிறுத்தினார்கள். பிறகு ஆலையையே நிறுத்தினார்கள். பிறகு, சங்கத்தில் அவர் கைபிடித்து வளர்த்த ஆட்களே நிர்வாகத்தோடு உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்கள். கடைசியாக, மொட்டைமாடி வைத்த வீட்டைக் காலி செய்துவிட்டு, ஓர் அறையும் ஓர் அடுப்படியும் கொண்ட லைன் வீட்டுக்கு அவர் குடிவர நேர்ந்தது.

"இப்ப வாங்கற வாட்ச்மேன் சம்பளத்துக்கு இதுதானுங்க கட்டும்" என்று மனைவி ராமாத்தாள் முடித்துவிட்டாள். அவர் சம்மதிக்கவில்லை. மறுக்கவும் வழியில்லை.

வரிசையாகப் பன்னிரண்டு வீடுகள். எல்லோருக்கும் ஒரே குழாய். அங்கே ஒரு வழக்கம் இருந்தது. குழாய்க்கு மேலே சுவரில், வீட்டு எண்ணோடு வீட்டுக்கு ஒரு பெயர் சாக்பீஸால் எழுதியிருக்கும். காலையில் தண்ணீர் வந்ததும் முதல் வீட்டு வெள்ளிங்கிரி அதைச் சத்தமாகப் படிப்பார். பெயர் வந்தவர் குடம் வைக்க வேண்டும். லைனில் ஒரு பேச்சு எழுந்தாலும், சுவரில் பெயர் உள்ளவருக்குத்தான் பேச வாய் உண்டு.

குடிவந்த அன்றே வெள்ளிங்கிரி சாக்பீஸோடு வந்தார்.

"என்ன பேருங்க போடட்டும்?"

நஞ்சப்பன் ஒரு கணம் யோசித்தார். ஆலை வாசலில் ஆயிரம் தொண்டை சேர்ந்து முழங்கிய பெயர் அவருடையது. குடம் உருளும் இடத்தில், ஒன்பதாம் வீடு என்ற ஒட்டோடு அதைக் கூப்பிடுவதா?

"காளியப்பன்" என்றார். அது திருப்பூரில் இருக்கும் மைத்துனரின் பெயர்.

ராமாத்தாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். "எந்தம்பி திருப்பூர்ல இருந்து வந்து தண்ணி பிடிப்பானாக்கும்" என்றாள் உள்ளே போய்.

இரண்டு மாதம் அப்படியே போயிற்று. பிறகு ஒரு நாள் காலை, வீட்டு முதலாளியின் கணக்குப்பிள்ளை வந்து குழாயடியில் நின்றான்.

"நாளையோட குழாயை மூடறோமுங்க. இனி லாரித் தண்ணி. அதுக்குக் காசு தனி. காலையில முதலாளியே வந்து நின்னு மூடுவாரு."

கூட்டம் முணுமுணுத்தது. ஒருவரும் முன்னால் வரவில்லை. நஞ்சப்பனின் கழுத்து நரம்பு தானாகப் புடைத்தது.

"யாரைக் கேட்டு மூடறீங்க?"

கணக்குப்பிள்ளை அவரைப் பார்த்தான். சுவரைப் பார்த்தான்.

"நீங்க எந்த வீடுங்க?"

"ஒம்பது."

"ஒம்பதுல காளியப்பன்னு இருக்குது. நீங்க அவரு வீட்டு விருந்தாளிங்களா?"

யாரோ சிரித்தார்கள். வெள்ளிங்கிரி தரையைப் பார்த்தார். நஞ்சப்பன் பேச்சை விட்டுத் திரும்பி நடந்தார். அவர் வாழ்நாளில் அது புதிது.

சாயங்காலம் ஜெயசீலி டீச்சரைப் பார்க்கப் போனார். வயதில் டீச்சர் அவருக்கு இளையவர். முப்பது வயதுவரை கைநாட்டாக இருந்த நஞ்சப்பனுக்குச் சங்க அலுவலகத்தில் எழுத்துச் சொல்லிக்கொடுத்து, துண்டறிக்கைகளை எழுத்துக்கூட்டிப் படிக்க வைத்தவர். டீச்சர் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நஞ்சப்பன் முதல் அநியாயத்திலிருந்து தொடங்கினார்.

"இத்தனையும் போக, இன்னிக்கு ஒருத்தன் என்னை விருந்தாளிங்கறான் டீச்சர்."

"சுவத்துல இருக்கறதைப் படிச்சிருக்கான்."

நஞ்சப்பன் முகம் சுருங்கியது.

"ஒன்னு கேக்கோணுமுங்க. வீடு சிறுத்துப்போனா மனுசனும் சிறுத்துப்போவானா?"

டீச்சர் வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"மறியல்ல உங்களைப் பிடிச்சுட்டுப் போனாங்களே அண்ணா. ஸ்டேஷன்ல பேர் கேட்டப்ப என்ன சொன்னீங்க?"

"என்ன சொல்லுவேன்? நஞ்சப்பன்னேன். எழுதறவன் சரியா எழுதறானான்னு எட்டியும் பாத்தேன். தப்பாப் போட்டிருந்தான். திருத்த வெச்சேன்."

"உள்ள அடைச்ச ரூம் எத்தாப் பெருசு?"

"அதையேன் கேக்கறீங்க. கால் நீட்ட இடமில்ல. ஒருத்தன் மேல ஒருத்தன். ஆனா பாருங்க, அங்கிருந்து நான் போட்ட சத்தம் தெருமுனை வரைக்கும்..."

அவர் நிறுத்திக்கொண்டார்.

டீச்சர் உரித்த வெங்காயத்தைக் கிண்ணத்தில் போட்டார்.

"காலையில வாறேன். ஒரு குடத்தைத் துலக்கி வைங்க."

மறுநாள் தண்ணீர் வருவதற்கு முன்பே முதலாளி வந்துவிட்டார். குழாயடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பக்கத்தில் கணக்குப்பிள்ளை. பன்னிரண்டு வீட்டு ஆட்களும் குடத்தோடு நின்றார்கள். டீச்சர் கூட்டத்தில் ஒருவராக நின்றார்.

குழாய் இருமிவிட்டுத் தண்ணீர் விட்டது. கடைசித் தண்ணீர் என்று எல்லோருக்கும் தெரியும். வெள்ளிங்கிரி படிக்கத் தொடங்கினார். எட்டாம் வீட்டுக் குப்பாத்தாள் குடத்தை நிறைத்து இடுப்பில் ஏற்றினாள்.

"ஒன்பதாம் வீடு..."

ராமாத்தாள் முன்னால் போனாள். குடம் வைக்கவில்லை. ஈரக் கையால் தம்பியின் பெயரைச் சுவரிலிருந்து துடைத்தாள். பிறகு புருசனைப் பார்த்தாள்.

டீச்சர் சாக்பீஸை நீட்டினார். நஞ்சப்பன் வாங்கினார். முதலாளியின் நாற்காலியைச் சுற்றிக்கொண்டு போகாமல், அதற்கு நேர் முன்னால் நடந்தார். சுவரில் எழுதினார். எழுத்து சற்றுப் பெரிதாகவே விழுந்தது. மேலே எட்டாம் வீட்டையும் கீழே பத்தாம் வீட்டையும் அது தொட்டது.

"இப்ப எழுதினா செல்லுங்களா?" என்றான் கணக்குப்பிள்ளை.

"எழுதினாச் செல்லாது. படிச்சாத்தான் செல்லும்" என்றார் டீச்சர். பிறகு வெள்ளிங்கிரியிடம் திரும்பினார். "உக்காந்திருக்கறவருக்கும் கேக்கற மாதிரிப் படிங்கண்ணா."

வெள்ளிங்கிரி தொண்டையைச் செருமினார். பன்னிரண்டு வீட்டு ஆட்களையும் ஒரு முறை பார்த்துக்கொண்டார். நஞ்சப்பன் குடத்தைக் குழாய்க்கு அடியில் வைத்துவிட்டு நிமிர்ந்து நின்றார்.

"ஒன்பதாம் வீடு. நஞ்சப்பன்."