பேசிக்கொண்டிருந்த மகன்

"இந்த மாத்திரை என் பையனை ஊமையாக்கிடுச்சு டாக்டரம்மா" என்றார் தணிகாசலம்.

மனநலப் பிரிவில் அன்று வெளிநோயாளிகளைப் பார்க்கும் நாள். வராந்தாவில் நிற்க இடமில்லை. மகன் செங்குட்டுவனை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு அவர் மட்டும் உள்ளே வந்திருந்தார்.

டாக்டர் ஹாஜிரா அவரைவிட இருபது வயதாவது இளையவர்.

"சாப்பிடறாரா?"

"சாப்பிடறான்."

"தூங்கறாரா?"

"தூங்கறான். குளிக்கறான். உட்காருன்னா உட்கார்றான். வாயைத் திறந்து நாலு வார்த்தை பேச மாட்டேங்கறான். எனக்கு என் பையன் திரும்ப வேணும்மா."

போனை எடுத்து மேசைமேல் வைத்து அழுத்தினார். பல வருஷங்களுக்கு முந்தைய வீடியோ. ஒரு கல்லூரி மேடை. பத்தொன்பது வயதுக் குரல். தயங்காமல் பேசியது. கூட்டத்தைச் சிரிக்கவைத்தது, அடுத்த வரியிலேயே அமைதியாக்கியது. கடைசியில் கைதட்டல் நிற்கவே இல்லை.

ஹாஜிரா முடியும்வரை கேட்டார்.

"இதுதாம்மா என் பையன்" என்றார் தணிகாசலம். "தினமும் சாயங்காலம் அவனுக்குப் போட்டுக் காட்டறேன். ஞாபகம் வரட்டும்னு."

"கேட்டுட்டு என்ன செய்வார்?"

"சுவத்தைப் பார்த்துட்டு இருப்பான்."

"போன மாசி மாசம் பேசினாரே."

தணிகாசலம் தலையைக் குனித்துக்கொண்டார்.

மாசியில் செங்குட்டுவன் திடீரென்று பேசினான். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டு, பையன் தேறிவிட்டான் என்றார். பிறகு பேச்சு நிற்கவில்லை. இரவும் பகலும் பேசினான். குடத்துத் தண்ணீரில் விஷம் கலந்திருக்கிறது என்றான். குடத்தைக் கவிழ்க்கப் போனவனை அம்மா தடுத்தாள். தள்ளிவிட்டான். அவளுக்கு மணிக்கட்டு உடைந்தது.

கை சேர்ந்துவிட்டது. ஆனால் இன்றும் அவள் அறையை உள்ளே தாழ் போட்டுக்கொண்டுதான் தூங்குகிறாள்.

"வெளியே போய் அவர் பக்கத்துல உட்காருங்க" என்றார் ஹாஜிரா. "நான் கூப்பிடறேன்."

"மாத்திரையை மாத்தித் தருவீங்களா?"

"கூப்பிடறேன்யா. போன்ல அதைப் போட வேண்டாம். சும்மா உட்காருங்க."

அவர் போய் உட்கார்ந்தார்.

எதிர் பெஞ்சில் ஒரு பெண் தன் அக்காவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். அக்கா சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். தங்கை எதுவும் கேட்கவில்லை. சிக்கெடுத்துப் பின்னினாள்.

பெயர்கள் ஒவ்வொன்றாகக் கூப்பிடப்பட்டன. அவர்களுக்குப் பிறகு வந்தவர்களும் மாத்திரை வாங்கிக்கொண்டு போனார்கள். வெயில் வராந்தாவின் பாதிவரை ஏறிவிட்டது.

தணிகாசலம் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

"எங்களுக்கு அப்புறம் வந்தவங்கல்லாம் போயிட்டாங்க!"

"என்ன சொன்னார்?" என்று கேட்டார் ஹாஜிரா.

"யாரு?"

"உங்க பையன்."

"அவன்தான் பேச மாட்டானே. அதைச் சொல்லத்தானே வந்தேன்!"

"நீங்க என்ன சொன்னீங்க?"

தணிகாசலம் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்ச நேரம் உட்காருங்கய்யா."

அவர் திரும்பி வந்தார். கோபத்தில் மூச்சு வாங்கியது. மகனிடம் என்ன பேசுவது? யோசித்துப் பார்த்தார். பல வருஷங்களாக அவனிடம் அவர் சொல்லிவந்தது ஒன்றுதான். பேசுடா.

"பசிக்குதா?" என்று கேட்டார்.

செங்குட்டுவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். சரி, இதற்கும் பதில் வராது என்று அவர் எழப் போனார்.

"கொஞ்சம்" என்றான்.

கேன்டீனிலிருந்து டீயும் பன்னும் வாங்கிவந்தார். செங்குட்டுவன் டம்ளரை இரண்டு கைகளாலும் வாங்கினான். டீ தளும்பிச் சட்டையில் கொட்டியது. சட்டென்று டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கைகளை முழங்கால்களுக்கு நடுவே ஒளித்துக்கொண்டான்.

தணிகாசலம் அந்தக் கைகளையே பார்த்தார். பிறகு டம்ளரை எடுத்து அவன் வாயருகே பிடித்தார். அவன் குடித்தான்.

"அப்பா."

"சொல்லு."

அடுத்த வார்த்தை வர நேரமாயிற்று. அவர் அவசரப்படுத்தவில்லை.

"மாசி மாசம் மாத்திரையை நான்தான் நிறுத்தினேன். வாயில போட்டுட்டு, நீங்க அந்தப் பக்கம் போனதும் துப்பிடுவேன்."

"ஏண்டா?"

"தினமும் அந்தப் பேச்சைக் கேட்டுட்டு நீங்க அழறீங்க. இன்னொரு தடவை பேசிக் காட்டலாம்னு பார்த்தேன்."

தணிகாசலம் டம்ளரைக் கீழே வைத்தார்.

"அம்மா கை..." என்றான் செங்குட்டுவன். அதற்குமேல் வரவில்லை.

அவர் அவன் கைகளை வெளியே எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். இறுக்கிப் பிடித்தும் நடுக்கம் நிற்கவில்லை.

"செங்குட்டுவன்!" நர்ஸ் கூப்பிட்டாள்.

இருவரும் சேர்ந்து உள்ளே போனார்கள்.

"சொல்லுங்கய்யா" என்றார் ஹாஜிரா.

"பையனுக்குக் கை நடுங்குது டாக்டரம்மா. டம்ளரைப் பிடிக்க முடியல. அதுக்கு ஏதாவது வழி இருக்கா?"

"இருக்கு. எப்பலேர்ந்து நடுங்குது?"

தணிகாசலம் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். பிறகு மகன் பக்கம் திரும்பினார்.

"எனக்குத் தெரியலப்பா" என்றார். "நீ சொல்லு."