பிய்ந்த தோசை

தென்காசி போகும் சாலையில், ஒரு சின்ன ஊரின் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே, ஞானம் டிபன் சென்டர் என்று ஒரு கடை இருந்தது. அங்கே ஆறு பண்டங்கள் கிடைத்தன. இட்லி, தோசை, வடை, பொங்கல், பூரி, காப்பி. ஏழாவதாக எதையாவது கேட்டால், "அது நாளைக்கு" என்று பதில் வரும். அந்த நாளை இருபத்தாறு வருடமாக வரவில்லை.

கடையின் சமையற்கட்டில் ஒரு இரும்புத் தோசைக்கல் இருந்தது. ஒரே நேரத்தில் எட்டுத் தோசை வார்க்கலாம். அதனால் அதற்குக் கர்வம் அதிகம். எதிரே கொக்கியில் சாம்பார் வாளி தொங்கும். மேசை மேசையாகப் போய்வருகிற வாளிக்குத் தெரியாத ஊர்க்கதை கிடையாது. கல் இருந்த இடத்தைவிட்டு நகராது, வாளி ஓரிடத்தில் நிற்காது. ஆகவே இரண்டுக்கும் நல்ல சிநேகம்.

காலையில் கல் சரியாகக் காய்வதற்குள் வார்க்கிற முதல் தோசை ஒழுங்காக வராது. ஒட்டும், பிய்யும், ஒரு ஓரம் கருகும். மற்ற கடைகளில் அதைக் காக்கைக்குப் போடுவார்கள். இந்தக் கடையில் அதை முதலாளி ஞானதிரவியம் தின்பார். அடுப்புப் பக்கத்தில் நின்றபடி, இலைத்துண்டில் வைத்து, சட்னியும் சாம்பாரும் விட்டு, பஸ் பிடிக்கப் போகிறவர் மாதிரி அவசரமாகத் தின்பார்.

"எலே சுடலை, சாம்பார்ல புளி ஏறிட்டு."

"ஏறலையே அண்ணாச்சி" என்பான் தோசை மாஸ்டர் சுடலைமுத்து.

"அப்ப நீ குடி."

சுடலை குடிப்பான். முகம் கோணும். வெந்த பருப்பை எடுத்துச் சேர்ப்பான்.

தோசைக்கல்லுக்கு இதில் வருத்தம். "நான் நாள் முழுக்க அழகழகாகத் தோசை போடுகிறேன். இந்த மனுசன் நான் தூக்கக் கலக்கத்தில் போடுவதை மட்டும் தின்றுவிட்டு என்னை எடை போடுகிறார்" என்று வாளியிடம் புலம்பும்.

"அவர் எங்கே எடை போடுகிறார்? பசிக்கிறது, தின்கிறார்" என்று வாளி சொல்லும்.

ஐம்பத்து நான்காவது வயதில் ஞானதிரவியம் ஒரு கல்யாணத்துக்குப் போனார். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த உறவுக்காரர், "இன்னும் ஆறு அயிட்டம்தானா?" என்று கேட்டுவிட்டு அப்பளத்தை நொறுக்கினார். அவ்வளவுதான். ஞானதிரவியத்துக்கு அந்த அப்பளச் சத்தம் நிற்கவே இல்லை. இருபத்தாறு வருசமா நான் தொழில் செய்தேனா, இல்லை இட்லி அவிச்சேனா என்று தன்னைத் தானே கேட்டுக்கொண்டார். இரண்டும் ஒன்றுதான் என்று சொல்ல அப்போது பக்கத்தில் ஆளில்லை.

அடுத்த மாதம், அவர் கூப்பிட்டு, சென்னையிலிருந்து நிரஞ்சன் என்று ஒரு ஆலோசகர் வந்தார்.

"சார், உங்க கடைக்கு ஒரு கதை வேணும்" என்றார்.

"கதைக்கு நான் எங்க போவேன் தம்பி? மாவுதான் இருக்கு."

நிரஞ்சன் மூன்று நாள் கடையை ஆராய்ந்தார். எல்லாவற்றையும் படமெடுத்தார். மூன்று நாளும் பசிக்கும்போது எதிர்ப் பெட்டிக்கடையில் இரண்டு வாழைப்பழம் வாங்கித் தின்றார். இதை வாளி மட்டும் கவனித்தது.

பிறகு மாற்றங்கள் வந்தன. முதலில் மெனு அட்டை வந்தது. பன்னிரண்டு பக்கம், பளபளவென்று பிளாஸ்டிக் உறை.

"என்னிடம் நூற்றுப் பன்னிரண்டு பண்டங்கள் இருக்கின்றன" என்றது அட்டை.

"உன்னிடமா? எங்கே, கொஞ்சம் அடுப்புப் பக்கம் வா, பார்ப்போம்" என்றது கல்.

"நான் அங்கெல்லாம் வருவதில்லை. உருகிவிடுவேன்."

அதற்குப் பின்னால் ஃப்ரீசர் வந்தது. உயரம், வெள்ளை, எப்போதும் ஒரு உறுமல். "அட்டை சொல்வதெல்லாம் என்னிடம் இருக்கிறது. கோபி மஞ்சூரியன் மார்ச் மாதமே பொட்டலம் கட்டியது" என்றது.

அப்போது ஜூலை.

"நீ எதையாவது தின்று பார்த்திருக்கிறாயா?" என்று வாளி கேட்டது.

"தின்பது என் வேலை இல்லை. நான் வைத்துக்கொள்வேன்."

நிரஞ்சன் முதலாளிக்கும் ஒரு விதி போட்டார். "சார், ஓனர் அடுப்படியில நின்னு பிஞ்ச தோசை தின்னா பிராண்டு என்ன ஆகும்? நீங்க முன்னாடி இருக்கணும். வர்றவங்க உங்களைப் பாக்கணும்." கடை முகப்பில் நாலு பக்கமும் கண்ணாடி வைத்து ஒரு அறை எழும்பியது. அதற்குள் ஞானதிரவியம் போனார். மீன் தொட்டிக்குள் விட்ட ஆட்டுக்கடா மாதிரி இருந்தார்.

தோசைக்கும் அட்டையில் இடம் இருந்தது. ஒன்பதாம் பக்கத்தில், நூடுல்ஸுக்குக் கீழே. நாலாவது மாதம், அதற்கு இவ்வளவு பெரிய கல் எதற்கு என்று முடிவாயிற்று. சின்னதாக ஒரு ஒட்டாத தவா வரும், பழைய கல்லைச் சனிக்கிழமை பழைய இரும்புக்காரன் எடுத்துக்கொண்டு போவான் என்று சுடலையிடம் சொன்னார்கள்.

அதைக் கல்லும் கேட்டது. இரும்புக் கடைக்குப் போனால் உருக்கிக் கம்பியாக்குவார்கள் என்று அதற்குத் தெரியும்.

முதலாளி கண்ணாடி அறைக்குப் போன நாளிலிருந்து முதல் தோசை காக்கைக்குப் போயிற்று. காக்கை இரண்டு நாள் வந்தது. மூன்றாம் நாளிலிருந்து வரவில்லை.

வாடிக்கையாளர்களும் ஏறத்தாழ காக்கை மாதிரியே நடந்துகொண்டார்கள்.

ஒரு திங்கட்கிழமை சமையற்கட்டுக் குழாயடியில் ஒரு புது டிபன் பாக்ஸ் உட்கார்ந்திருந்தது. எவர்சில்வர், இரண்டடுக்கு, கூச்ச சுபாவம். எல்லோரும் அதையே பார்த்தார்கள்.

"எந்தக் கடை ஒற்றன் நீ?" என்று சமையற்கட்டு வாசலிலிருந்தே அட்டை அதட்டியது.

"நான் கடையிலிருந்து வரவில்லை. வீட்டிலிருந்து வருகிறேன்."

"யாருக்காக?"

டிபன் பாக்ஸ் மூடியை இறுக்கிக்கொண்டது. பிறகு மெதுவாகச் சொன்னது. "முதலாளிக்கு."

ஃப்ரீசரின் உறுமல் நின்றது.

"அவருக்கு வயிறு சரியில்லாமல் இருக்கும்" என்றது அட்டை.

"வயிறு நல்லாத்தான் இருக்கிறது. ஏழு இட்லி உள்ளே போயிருக்கிறது. போன வாரம் இங்கே ஏதோ தின்றாராம், அன்றைக்குத்தான் சரியில்லாமல் போயிற்று."

"என்ன தின்றார்?"

"பதினொன்றாம் பக்கம்."

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு டவுன் பஸ் டிரைவர் கோமதிநாயகம் வந்தார். பதினைந்து வருடமாக அதே நேரம், அதே மேசை. முன்பெல்லாம் உட்காரும்போதே இட்லி வந்துவிடும். இப்போது அட்டை வந்தது. அவர் எதையோ விரலால் காட்டினார். இருபது நிமிடம் கழித்துச் சிவப்பாக எதையோ கொண்டுவந்து வைத்தார்கள். இட்லியைத் துண்டு போட்டுப் பொரித்துச் சாஸில் புரட்டியிருந்தது. அவர் அதை முள்கரண்டியால் குத்தினார். அது திருப்பிக் குத்துவது போல இருந்தது.

நிமிர்ந்து பார்த்தார். கண்ணாடி அறைக்குள் ஞானதிரவியம் கம்ப்யூட்டருக்குப் பின்னால் தலையைக் குனிந்து வேகவேகமாக எதையோ மென்றுகொண்டிருந்தார். நாலு பக்கமும் கண்ணாடி. நாலு பக்கமும் தெரிந்தது. நிரஞ்சன் ஆசைப்பட்டபடி வந்தவர்கள் எல்லோரும் முதலாளியைப் பார்த்தார்கள்.

கோமதிநாயகம் எழுந்துபோய்க் கண்ணாடியைத் தட்டினார். சாம்பார் வாளி அப்போது பக்கத்து மேசையில் இருந்தது. காதைத் தீட்டிக்கொண்டது.

"வே அண்ணாச்சி, என்ன அது?"

"டிபன்."

"டிபன் சென்டர்ல உக்காந்துகிட்டு டிபனா? எங்கிருந்து வாங்குனீரு? சொன்னா நானும் அங்க போவேன்லா."

"வீட்ல குடுத்துவிட்டா. வயிறு சரியில்ல."

"அப்ப எனக்கு மட்டும் வயிறு இரவலா வந்திருக்கு?"

மேசைகளில் சிரிப்பு எழுந்தது. ஞானதிரவியமும் சிரிக்கப் பார்த்தார். வாயில் இட்லி இருந்தது.

கோமதிநாயகம் குரலைத் தணித்தார். "நான் வண்டிய ஓட்டும்போது நானும் உள்ளதான இருக்கேன். நான் ஏறமாட்டேன், நீங்க மட்டும் போங்கன்னு சொன்னா, நீரு ஏறுவீரா?"

அவர் தட்டை அப்படியே விட்டுவிட்டுப் போனார். பக்கத்து மேசையில் இரண்டு பேர் தங்கள் தட்டைக் கொஞ்சம் தள்ளிவைத்து யோசித்தார்கள். பிறகு அவர்களும் போனார்கள். ஞானதிரவியம் டிபன் பாக்ஸை மூடினார். மூன்று இட்லி மிச்சம் இருந்தது.

மறுநாள் காலையில் அவர் மனைவி ஜெபக்கனி டிபன் பாக்ஸை நீட்டியபோது வேண்டாம் என்றார்.

"ஏன், கடையிலயே தின்னுக்கிடுவீகளா?" என்று அவள் கேட்டாள். கேலி செய்கிறாளா என்று அவருக்குத் தெரியவில்லை. செருப்பை மாட்டினார்.

கடைக்கு வந்தபோது பழைய இரும்புக்காரனும் சுடலையும் கல்லை இரண்டு பக்கமும் பிடித்து வாசலுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். "போய்வருகிறேன்" என்றது கல். வாளி கொக்கியில் முகத்தைத் திருப்பிக்கொண்டது. "கம்பியானால் என்ன, நல்ல வீட்டுக் கூரையில் இருப்பாய்" என்று ஆறுதல் சொன்னது.

ஞானதிரவியம் கல்லைப் பார்த்தார். வெயிலில் அது கறுப்பாக மினுங்கியது. பெரிய தத்துவம் எதுவும் அவருக்குத் தோன்றவில்லை. ராத்திரியும் சரியாகச் சாப்பிடவில்லை. வயிறு ஒருமுறை உருண்டது. அந்தச் சத்தம் அப்பளச் சத்தத்தைவிடப் பெரிதாக இருந்தது.

"எலே, அதைத் திரும்ப வையி."

"எடை போட்டாச்சே அண்ணாச்சி" என்றான் இரும்புக்காரன்.

"நானும் போட்டுப் பாத்துட்டேன். வையிங்கேன்."

கல் அடுப்பில் ஏறியது. சுடலை வெங்காயத்தை வெட்டித் தேய்த்தான், மாவை ஊற்றினான். கல்லுக்குப் பதற்றம். நாலு மாத வெட்கம் வேறு. தோசை ஐந்து துண்டாக வந்தது. இப்படி ஒரு கேவலமான தோசையை அது தன் வாழ்நாளில் போட்டதில்லை.

ஞானதிரவியம் நின்றபடி தின்றார். சமையற்கட்டே அவர் வாயைப் பார்த்தது.

"மாவுல உப்பு கூடிட்டு. உளுந்து பத்தாது. சட்னி நேத்து உள்ளது. சாம்பாரு..." என்று வாளியைப் பார்த்தார். "இது சாம்பாரே இல்ல. நாலு மாசமா என்னல செய்தீய?"

"நீங்க திங்க வரலையே அண்ணாச்சி" என்றான் சுடலை.

இன்னொரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார்.

"திட்டுகிறார்" என்று கல் வாளியிடம் சொன்னது. அதன் சூடு அப்போதுதான் சரியான பதத்துக்கு வந்திருந்தது.

கூட்டம் உடனே திரும்பவில்லை. காக்கைதான் முதலில் வந்து பார்த்தது. அதற்கு ஒன்றும் கிடைக்காமல் ஏமாந்து போயிற்று. கண்ணாடி அறையில் உளுந்து மூட்டைகளை வாயைப் பிரித்து வைத்தார்கள். வெளியே நின்றே அது நல்ல உளுந்தா என்று பார்க்க முடிந்தது. ஃப்ரீசரை வாங்க ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். மெனு அட்டையை ஆடுகிற மேசைக்காலுக்கு அடியில் மடித்து வைத்தார்கள். "இப்போதுதான் இந்தக் கடையைத் தாங்குகிறேன்" என்று அது பெருமையாகச் சொல்லிக்கொண்டது. யாரும் மறுக்கவில்லை.

பத்து நாள் கழித்து எட்டு மணிக்குக் கோமதிநாயகம் தயங்கித் தயங்கி உள்ளே வந்தார். பழைய மேசையில் உட்கார்ந்தார். அது ஆடவில்லை. அட்டை வருமென்று சுற்றுமுற்றும் பார்த்தார். வரவில்லை.

"என்னவே அண்ணாச்சி, இப்ப என்ன இருக்கு?" என்று அடுப்படிப் பக்கம் குரல் கொடுத்தார்.

ஞானதிரவியம் சமையற்கட்டு வாசற்படியில் எட்டிப் பார்த்தார். கையில் இலைத்துண்டு, வாய் நிறையப் பிய்ந்த தோசை.

"நான் திங்கிறது இருக்கு" என்றார்.