பூவாத்தாள் சுட்ட குண்டு

இதை என் விடுதித் தோழி சொல்லித்தான் கேட்டேன். அவளும் நேரில் பார்த்தவள் இல்லை.

கோவைப் பக்கம் ஒரு துப்பாக்கி சுடும் கிளப். அங்கே இலக்குப் பலகைக்குக் கீழே உள்ள குழியில் பூவாத்தாளுக்கு வேலை. குண்டு பட்டால் கம்பை உயர்த்தி இடத்தைக் காட்டுவார். தவறினால் சிவப்புக் கொடி ஆட்டுவார். பிறகு ஓட்டையில் காகிதம் ஒட்டுவார். குண்டு வந்து சேரும் இடத்தையே பார்த்தவருக்கு, அது புறப்படும் இடத்தில் ஒருமுறை படுத்துச் சுட்டுப் பார்க்க ஆசை.

கிளப் தலைவர் நஞ்சுண்டராஜ் துப்பாக்கியில் பொருத்தும், கணினி வைத்த தொலைநோக்கி ஒன்று வாங்கினார். “காத்து, தூரம் எல்லாம் இதுவே கணக்குப் போடும். குறி தவறவே தவறாது!” என்று விருந்தினர்களிடம் அளந்தார்.

தேநீர் கொண்டுவந்த பூவாத்தாள் கேட்டார்: “அப்படீன்னா நான் சுட்டாலும் படுமுங்களா, ஐயா?”

“சுடட்டுமே!” என்றார்கள் விருந்தினர்கள்.

தலைவரால் மறுக்க முடியவில்லை. “சரி, பட்டா நாளையிலிருந்து நீயும் இங்கே சுடலாம்.”

“குழியில யாருங்க இருப்பாங்க?”

வேறு ஆள் இல்லை. தலைவரே போய்க் குழியில் இறங்கினார்.

பூவாத்தாள் சுட்டார். வெகுநேரம் கழித்துச் சிவப்புக் கொடி ஆடியது.

“பாத்தியா? கைக்குப் பழக்கம் வேணும் பூவாத்தா!” என்றபடி திரும்பி வந்தார் தலைவர்.

“அப்போ உங்க கருவி தவறுமுங்களா, ஐயா?”

விருந்தினர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

போன மாதம் அங்கே போனேன். பூவாத்தாள் இன்னும் குழியில்தான் வேலை செய்கிறார். அன்று தான் சுட்ட பலகையைக் காட்டினார். எல்லா ஓட்டையிலும் காகிதம் ஒட்டியிருந்தது, நட்டநடுவில் இருந்த ஒன்றைத் தவிர.